ஸ்டூலும் வேண்டும், ஸ்டாக்கிங்கும் வேண்டும்

‘கால் கடுக்க நின்றேன்’ என்று ஒருவர் சொன்னால், வெகுநேரம் காத்திருந்தார் என்று தமிழில் அர்த்தம். ரேஷன் கடை வரிசை, வாக்குச்சாவடி, அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடம் என்று எங்கெல்லாம் கூட்டமோ, அங்கெல்லாம் செய்தித்தாள்கள் இந்தச் சொல்லைத் தாராளமாகப் போடும். ஒருநாள் நின்றவருக்கு வீட்டில் போய்ப் புலம்ப அது ஒரு விஷயம். ஜவுளிக்கடையில் புடவையை விரித்துக் காட்டும் பெண்ணுக்கோ கால் கடுப்பு மாதச் சம்பளத்தோடு சேர்ந்தே வருகிறது. தீபாவளி நெருங்கினால் கூடுதலாகவும் வரும்.

கடை ஷட்டரை இறக்கிய பிறகு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் அந்தப் பெண்களின் கால்களைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். செருப்பு வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும். கணுக்கால் எலும்பு வீக்கத்துக்குள் மறைந்திருக்கும். “கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு”, “உள்ளுக்குள்ள குடையுது”, “கெண்டைக்கால் முறுக்கி இழுக்குது” என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் கல் உப்பு போட்டுக் காலை வைப்பார்கள்; தைலம் தேய்ப்பார்கள்; கால்மாட்டில் தலையணையை அடுக்கிக்கொண்டு படுப்பார்கள். இந்த மூன்றில் தலையணைதான் உருப்படியான வைத்தியம். வெந்நீர் இதமாக இருந்தாலும், சூட்டில் ரத்தக் குழாய் இன்னும் விரிந்து கொடுக்கும்.

இப்போது நான்காவதாக ஒரு வைத்தியமும் பரவிவருகிறது. மெடிக்கல் ஷாப் கண்ணாடி அலமாரியிலும், கைப்பேசி விளம்பரத்திலும் தோல் நிறத்தில் ஒரு நீளக் காலுறை. கம்ப்ரஷன் ஸ்டாக்கிங் என்பது அதன் பெயர். கேட்டு வாங்குபவர்கள் ‘வெரிகோஸ் சாக்ஸ்’ என்கிறார்கள். களைத்த கால்களுக்கு உடனடி நிவாரணம் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். பொருள் நல்ல பொருள்தான். அதை யார், எந்த அளவில், யார் காசில் போட வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

முதலில், கால் ஏன் கனக்கிறது?

இதயம் தள்ளிவிட்ட ரத்தம் காலுக்கு இறங்குவது சுலபம். அங்கிருந்து புவியீர்ப்பை எதிர்த்து நெஞ்சு உயரத்துக்கு ஏறி வர வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்தான் சிரை. சிரைக்குள் சிறு சிறு வால்வுகள் இருக்கின்றன; கிணற்று பம்பின் ஃபுட் வால்வைப் போல, ஏறியதைத் திரும்ப இறங்கவிடாமல் அவை தடுக்கும். இத்தாலியின் படுவா நகரில் இந்த வால்வுகளை விவரித்து ஃபாப்ரீசியஸ் 1603-ல் நூல் எழுதினார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை; அதை அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628-ல் ரத்த ஓட்டம் பற்றிய தன் நூலில் விளக்கினார்.

வால்வு மட்டும் இருந்தால் போதாது; தள்ளிவிட ஒரு பம்பும் வேண்டும். அதுதான் கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கிச் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். பி.பி. பார்க்கும்போது டாக்டர் சொல்கிறாரே, அதே அளவுகோல். அவர் நடக்க ஆரம்பித்தால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆக, காலுக்குக் கெடுதல் செய்வது நடை கிடையாது, நிலை. நாள் முழுக்க ஊர் சுற்றிய தபால்காரரைவிட, ஒரே கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பில் போடும் பையனின் கால் அதிகம் வீங்குவது இதனால்தான்.

பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் விறைப்பாக நின்ற பையன் திடீரென்று மயங்கி விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். காலையில் சாப்பிடாமல் வந்தான் என்று வாத்தியார் திட்டுவார். சாப்பிடாததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கெண்டைக்கால் அசையாததால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போக வேண்டியது குறைந்ததும் காரணம். லண்டனில் அரச அணிவகுப்பில் கரடித் தொப்பி போட்ட சிப்பாய்கள் சாய்வதும் இதே கதைதான்.

நாள்பட நாள்பட இந்த அழுத்தத்தில் சிரை விரிகிறது. விரிந்த குழாயில் வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. மேலே ஏறிய ரத்தம் கீழே கசிகிறது; கசிந்ததின் கனத்தில் அடுத்த வால்வும் பழுதாகிறது. தோலுக்கடியில் நீல நிறத்தில் புடைத்து நெளியும் சிரைகளை ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம். இந்த ‘நரம்பு’ என்ற சொல்லால் ஒரு சின்னக் குழப்பமும் உண்டு. நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நோய் நரம்பில் இல்லை, ரத்தக் குழாயில். கவனிக்காமல் விட்டால் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, அரித்து, கடைசியில் லேசில் ஆறாத புண்ணாகும்.

வெளியிலிருந்து காலைச் சுற்றி இறுக்கினால் இந்தத் தொல்லை குறையும் என்பது பழைய அறிவு. பண்டைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலேயே கால் புண்ணுக்குத் துணிக்கட்டு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரப்பரைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகு, ரப்பர் இழை கோத்த காலுறைகள் ஐரோப்பாவில் வந்தன. அவை காலைப் பிடித்தன, ஆனால் மேலும் கீழும் ஒரே மாதிரி பிடித்தன.

இன்றைக்குக் கடையில் கிடைக்கும் காலுறையின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் அல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டொலிடோ நகரில் வாழ்ந்த ஜெர்மன் வம்சாவளிப் பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட். அவருக்கே சிரை நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் இறங்கி நின்றால் மட்டும் காலுக்குச் சுகமாக இருப்பதைக் கவனித்தார். நம் ஊரில் யாராவது கவனித்திருந்தால் ‘தண்ணீர் குளிர்ச்சி’ என்று முடித்திருப்போம். ஜோப்ஸ்ட் கணக்குப் போட்டார். குளத்தில் ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. கணுக்காலில் அதிகம், முழங்காலில் குறைவு. நிற்பவனின் சிரைக்குள் இருக்கும் அழுத்தமும் அதே கணக்குத்தான். உள்ளே எவ்வளவோ வெளியேயும் அதற்கேற்ப. அந்தக் குளத்தைத் துணியில் பின்ன முடியுமா என்று முயன்றார். 1950 வாக்கில் கணுக்காலில் இறுக்கம் கூடுதலாகவும், மேலே போகப் போகத் தளர்வாகவும் உள்ள காலுறை பிறந்தது.

சாதாரண சாக்ஸ் செய்வது இதற்கு நேர் எதிர். பாதத்தில் தொளதொளவென்று இருந்து, மேல் விளிம்பில் மட்டும் எலாஸ்டிக் கவ்விப் பிடிக்கும். கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்கை மேலே சுருட்டிவிட்டாலும் அதுவேதான் நடக்கும். சுருண்ட இடம் கயிறு கட்டியதுபோல் ரத்தத்தைத் தடுத்துவிடும். இந்தத் துணிக்குப் பொறுமையாக இழுத்துவிடும் கை தேவை. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

சரி, இதனால் உண்மையில் பயன் உண்டா? ஓரளவு நிச்சயமாக உண்டு, அதுவும் இந்தக் கட்டுரை பேசும் ஆட்களுக்கு. வியன்னாவைச் சேர்ந்த சிரை நோய் நிபுணர் ஹ்யூகோ பார்ட்ஷும் அவருடைய சகாக்களும், வேலை நாளில் நின்றோ உட்கார்ந்தோ இருப்பவர்களின் கால்களை அளந்து 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 முதல் 21 மில்லிமீட்டர் வரை அழுத்தம் தரும் மெல்லிய காலுறையே மாலை வீக்கத்தைத் தடுக்கப் போதும் என்பது முடிவு. பயமுறுத்தும் இறுக்கம் வேண்டியதில்லை. நான்கு ஆண்டு கழித்து சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே முடிவுதான் வந்தது: 10-க்குக் குறைந்தால் பயனில்லை, 10 முதல் 20 வரை இருந்தால் வீக்கமும் கனமும் குறைகின்றன.

நீண்ட விமானப் பயணத்துக்கும் இதற்குச் சான்று உண்டு. 2001-ல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் ஐம்பது வயதைக் கடந்த 231 பயணிகளை எடுத்துக்கொண்டார்கள். காலுறை போடாத 116 பேரில் 12 பேருக்குக் கால் சிரையில் அறிகுறியற்ற ரத்தக்கட்டி தெரிந்தது. போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், வீங்கிய காலில் அடிக்கடி கிருமித் தொற்று வந்து அவதிப்பட்ட 84 பேரிடம் நடந்த சோதனை 2020-ல் வெளியானது. இறுக்கச் சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 40 சதவீதம் பேருக்கும் தொற்று திரும்பியது. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

விளம்பரக்காரர்கள் இந்த எண்களைப் போடுவதில்லை. போட்டால் அடுத்த எண்களையும் போட நேரும். 2009-ல் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த 2,518 நோயாளிகளிடம் தொடை உயரக் காலுறையைச் சோதித்தார்கள். ரத்தக்கட்டி குறையவில்லை, தோல் புண் அதிகமானதுதான் மிச்சம். வட அமெரிக்காவில் நடந்து 2014-ல் வெளியான ஒரு சோதனை இன்னும் சுவாரசியம். காலில் ரத்தக்கட்டி வந்த 800-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான காலுறை, பாதிப் பேருக்கு அதே தோற்றத்தில் அழுத்தமே இல்லாத போலி. இரண்டு ஆண்டு போட்டும் பின்விளைவில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமில்லை. ஏற்கெனவே சுருண்டுவிட்ட சிரையை இந்தக் காலுறை நேராக்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. போட்டிருக்கும்வரை கனம் குறையும், வீக்கம் அடங்கும். கழற்றினால் பழைய கால்தான். சுருண்டதைச் சரிசெய்ய லேசர், ரேடியோ அலை, அறுவை என்று வேறு வழிகள் இருக்கின்றன. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் 2013-லேயே, அந்தச் சிகிச்சைகளைச் செய்ய முடிந்த நோயாளிக்குக் காலுறையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது.

யார் போடவே கூடாது என்பதை அட்டையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். அதைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு இந்தக் காலுறை ஆபத்து. ஏற்கெனவே குறைவாக வரும் ரத்தத்தையும் அது நெரித்துவிடும். நீண்டகாலம் பீடி, சிகரெட் பிடித்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் இந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு இறுக்கமும் தெரியாது, புண்ணானதும் தெரியாது. சர்க்கரை இல்லாத வீடு தேடினாலும் கிடைக்காத நாட்டில் இதைச் சாதாரண சாக்ஸ்போல் ஆன்லைனில் விற்பது பொறுப்பான காரியமா? டாக்டர் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் தவிர்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தாலும், இரண்டு கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலும் அது காலுறைக் கடைக்குப் போகும் நேரம் அல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடும் நேரம்.

வாங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘எஸ், எம், எல்’ என்று பனியன் வாங்குவதுபோல் வாங்கக் கூடாது. காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் கணுக்காலின் ஒல்லியான இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். இழுவிசை ஒன்றாகவே இருந்தாலும் ஒல்லியான இடத்தில் அழுத்தம் கூடும், பருத்த இடத்தில் குறையும். இயற்பியல் பாடத்தில் வரும் லாப்லாஸ் விதி இது. அளவு தப்பினால் காலுறைக்குள் பின்னிய கணக்கு முழுவதும் தப்பிவிடும். பெட்டியில் மில்லிமீட்டர் அழுத்தம் எவ்வளவு என்று எண்ணில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘மிதமானது’, ‘உறுதியானது’ என்று வெறும் வார்த்தை மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நின்று வேலை செய்பவரின் வெறும் கால் களைப்புக்கு 15 முதல் 20 வரை உள்ள முழங்கால் உயரக் காலுறை போதும். அதற்கு மேல் டாக்டர் சொல்லாமல் போக வேண்டாம். எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். தினமும் லேசான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினாலும் ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும்.

சென்னை வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஐரோப்பாவில் குளிருக்கு இதமாக இருக்கும் துணி இங்கே மே மாதத்தில் அரிக்கும், வியர்க்கும். விரல் பகுதி திறந்த வகை நம் ஊருக்கும் நம் செருப்புக்கும் பொருத்தம். பனியன் பின்னி உலகத்துக்கு அனுப்பும் திருப்பூர், நம் வெயிலுக்கேற்ற ஒரு மெல்லிய காலுறையைப் பின்னுவதில் போட்டி போட்டால் அது வியாபாரமாகவும் இருக்கும், புண்ணியமாகவும் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அசல் கேள்விக்கு வரலாம். ஒருவரை நாள் முழுக்க நிற்க வைத்துவிட்டு, அதனால் வந்த வலிக்கு அவரையே சொந்தக் காசில் காலுறை வாங்கிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்?

1899-ல் பிரிட்டன் பார்லிமென்ட் கடைச் சிப்பந்திகளுக்காக ஒரு சட்டம் போட்டது. கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஒன்று வீதமாவது இருக்கை வைத்தாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மூன்று பேருக்கு ஒரு நாற்காலி என்பது கஞ்சத்தனமான கணக்கு, ஆனாலும் கணக்கு. இந்தியாவில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு, இடையில் கிடைக்கும் வாய்ப்பில் உட்கார வசதி செய்து தரச் சொன்னது. அது ஆலைக்குப் பொருந்தியது. கடைக்கு அப்படி எதுவும் இல்லை.

கடைக்கு வந்த கதை கோழிக்கோட்டில் தொடங்குகிறது. அங்கே மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாதிருந்தது. விஜி என்ற தையல்காரப் பெண் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி முதலில் கழிப்பறைக்கும், பிறகு இருக்கைக்கும் போராடினார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. அந்த ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாடு இரண்டாவதாக வந்தது. ரங்கநாதன் தெருக் கடைச் சிப்பந்திகளின் வாழ்க்கையை வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியது 2010-ல். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்; கலங்கிய கண்ணோடு அதே தெருவில் போய்ப் புடவை எடுத்தார்கள். அரசு அசைய மேலும் பதினோரு ஆண்டு ஆனது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத் துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நாள் முழுக்க நிற்க வைப்பதால் பலவித உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று மசோதாவின் நோக்கவுரையே ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்கிறது சட்டம்.

சட்டத்தின் வாசகத்தில் ஒரு சொல் இடிக்கிறது. வேலைக்கு நடுவே உட்கார ‘வாய்ப்பு’ கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. வாய்ப்பு வந்ததா என்று தீர்மானிப்பவர் யார்? மேற்பார்வையாளர். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில்கூட ‘சேலையை மடிச்சு வை’ என்று அவர் சொன்னால் வாய்ப்பு போயிற்று. எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை, எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை நிமிட ஓய்வு என்று எண் இல்லாத சட்டத்தை மீறுவது கடினமே இல்லை. இந்த விஷயத்தில் 1899-ன் கஞ்சக் கணக்கே தேவலை. சில கடைகளில் ஸ்டூல் இருக்கத்தான் செய்கிறது. அதன் மேல் துணி பேல் உட்கார்ந்திருக்கும்.

வாடிக்கையாளர் வரும்போது சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாகத் தெரியும் என்பது முதலாளிகள் சொல்லும் காரணம். இது எப்போது முளைத்த மரியாதை? காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் மெத்தை விரித்து, வெள்ளைத் துணி போர்த்தி, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை பார்ப்பது நேற்றுவரை வழக்கம். இன்றைக்கும் அப்படி விற்கும் கடைகள் உண்டு. கல்யாணப் பட்டே உட்கார்ந்தபடி விலைபோகும்போது, ரெடிமேட் சுடிதாருக்கு நிற்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? வங்கியில் காசாளர் உட்கார்ந்துதான் பணம் எண்ணிக் கொடுக்கிறார். அதை யாரும் அவமரியாதையாக நினைத்ததில்லை. அடுக்குமாடிக் கடைகளும், கண்காணிப்பு கேமராவும், ‘நிற்பவன்தான் உழைக்கிறான்’ என்ற எண்ணமும் சேர்ந்து கொண்டுவந்த புதுப் பழக்கம் இது.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலை சிரையோடு நிற்பதில்லை. டென்மார்க்கில் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு, பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்கள் சுருள் சிரைக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது அதிகம் என்று காட்டியது. கனடாவின் ஒன்டாரியோவில் 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை அதேபோல் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்தபோது, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவர்களைவிட நின்று வேலை செய்பவர்களுக்கு இதய நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று அலுவலகவாசிகளுக்குச் சொல்லிச் சொல்லி, நிற்பது ஏதோ உடற்பயிற்சி என்ற நினைப்பு வந்துவிட்டது. உடம்புக்கு மாற்றி மாற்றிச் செய்வதுதான் பிடிக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். தொழில் பாதுகாப்பில் ஒரு பால பாடம் உண்டு: ஆபத்தை அகற்ற முடிந்தால் முதலில் அகற்று, முடியாத மிச்சத்துக்குத்தான் கவசம். கடையில் ஆபத்தை அகற்றும் பொருள் ஒரு மர ஸ்டூல். கவசம் காலுறை. ஸ்டூல் போட முடிந்த இடத்தில் காலுறையைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. ஸ்டூல் போட முடியாத இடங்களும் நிறைய இருக்கின்றன. பரோட்டா மாஸ்டர் கல்லுக்கு முன்னால் உட்கார முடியாது. சிக்னலில் போக்குவரத்துக் காவலர் உட்கார முடியாது. அறுவை அரங்கில் நர்ஸும் சர்ஜனும் உட்கார முடியாது. முடி வெட்டுபவர், டீ மாஸ்டர் என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களுக்குக் காலுறை அவசியம். அதோடு மணிக்கு ஒருமுறை நாலு எட்டு நடப்பதும், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும், ஒரு செங்கல்லைப் போட்டுக் காலை மாற்றி மாற்றி அதன் மேல் வைத்துக்கொள்வதும் அவசியம். செங்கல்லுக்கு டாக்டர் சீட்டு தேவையில்லை.

காலுறைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. துவைத்து மாற்ற இரண்டு ஜோடி வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். ஒரு ஜோடி சில நூறு ரூபாயில் தொடங்கிச் சில ஆயிரம்வரை போகிறது. கடைச் சிப்பந்தியின் சம்பளத்தில் இது சின்னத் தொகை அல்ல. கடையின் ஒருநாள் மின்சாரச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெல்டருக்குக் கண்ணாடியும் கட்டடத் தொழிலாளிக்கு ஹெல்மெட்டும் கொடுப்பது எப்படியோ அப்படி இதையும் கொடுக்கலாம். ஒரே நிறத்தில் யூனிஃபார்ம் சேலை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குக் கூடவே இரண்டு ஜோடி காலுறையும், வருடத்துக்கு ஒருமுறை கால் பரிசோதனையும் பெரிய பாரமாக இராது. அரசும் தன் பங்குக்குப் போக்குவரத்துக் காவலர்கள், அரசு மருத்துவமனை நர்ஸுகள் ஆகிய சொந்த ஊழியர்களிடமிருந்தே தொடங்கலாம். அப்படியே 22-ஏ பிரிவுக்கான விதிகளில் இருக்கை எண்ணிக்கையையும் ஓய்வு நிமிடங்களையும் எழுதிவிட்டால், ஆய்வுக்குப் போகும் தொழிலாளர் துறை அதிகாரிக்கு எண்ணிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

வாங்கப் போகும் நமக்கும் இதில் வேலை இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சிப்பந்தி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முகம் சுளிக்க வேண்டாம். ‘அதை எடுங்க, இதை எடுங்க’ என்று உட்கார்ந்தபடியே காட்டக்கூடியதை உட்கார்ந்தே காட்டச் சொல்லலாம். ஸ்டூலே கண்ணில் படவில்லை என்றால், அடுத்த தீபாவளித் துணிக்குப் பில் போடும்போது கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்: “இவங்க உட்கார ஸ்டூல் எங்கே?” அவர் உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொல்வார்.